மடுவத்திலும் கவுண்டரிலும்: ஒரு வரிசையை அளந்து கணக்கிடப் பழகுவது எப்படி

மாலை நிறுவைக்கான நேரம் வந்ததும், தேயிலை மலையிலிருந்து இறங்கும் பெண்கள் ஏறக்குறைய ஒரே வேளையில், கொழுந்து நிறுக்கும் கொட்டகையான மடுவத்துக்கு வந்து சேர்கிறார்கள். கொழுந்துப் பை தராசின் கொக்கியில் ஏறுகிறது, முள் ஆடி அடங்குகிறது, கணக்கப்பிள்ளை கிலோவை உரக்கச் சொல்லி, ஈரத்துக்கும் பைக்கும் என்று கழிப்பதைக் கழித்துப் பதிந்துகொள்கிறார், பை இறங்குகிறது, அடுத்த பை ஏறுகிறது. இந்த ஒரு சுற்றுக்கு 40 விநாடி ஆகிறது என்றும் 60 பேர் ஒன்றாக வந்தார்கள் என்றும் வைத்துக்கொள்வோம். கடைசியில் நிற்பவர் தம் பையைக் கொக்கியில் ஏற்றுவதற்கு முன் 39 நிமிடமும் 20 விநாடியும் நின்றிருப்பார். சராசரியாக ஒருவர் 19 நிமிடம் 40 விநாடி நிற்கிறார். 60 பேருடைய நேரத்தையும் கூட்டினால், ஒரே ஒரு நிறுவையில் 19 மணித்தியாலங்களுக்கு மேல் நின்றே கழிகின்றன.

அந்த மடுவத்தில் யாரும் சோம்பி நிற்கவில்லை, யாரும் முண்டியடிக்கவும் இல்லை. ஆனாலும் இலங்கை மலையகத்தில் எந்த வரிசையைப் பற்றிப் பேச்சு எழுந்தாலும், "நம் ஆட்களுக்கு வரிசையில் நிற்கத் தெரியாது" என்றோ "அந்த உத்தியோகத்தர் மெதுவாக வேலை செய்கிறார்" என்றோதான் முடிகிறது. பெரும்பாலான வரிசைகளின் நீளத்தை மனிதரின் குணம் தீர்மானிப்பதில்லை என்பதும், மூன்று எண்களை அளந்தால் காரணம் தெரிந்துவிடும் என்பதும் என் உறுதியான கருத்து. ஆட்கள் எந்த வேகத்தில் வருகிறார்கள், ஒருவரைக் கவனிக்க எவ்வளவு நேரம் ஆகிறது, அந்த நேரம் ஆளுக்கு ஆள் எவ்வளவு மாறுகிறது என்பவையே அந்த மூன்று எண்கள். க.பொ.த. சாதாரண தரக் கணிதம் (பதினோராம் ஆண்டுப் பரீட்சைக்கான கணிதம்) தெரிந்த எவரும் ஒரு கொப்பியையும் கைப்பேசிக் கடிகாரத்தையும் வைத்துக்கொண்டு இதைச் செய்யலாம்.

இந்தத் துறைக்கு வரிசைக் கோட்பாடு என்று பெயர். இது டென்மார்க்கில் தொலைபேசி இணைப்பகத்தின் தேவையிலிருந்து பிறந்தது. கோபன்ஹேகன் தொலைபேசிக் கம்பெனியில் வேலை செய்த அக்னர் கிராருப் ஏர்லாங் என்ற கணிதவியலாளர், ஓர் ஊரின் அழைப்புகளைத் தாங்குவதற்கு எத்தனை இணைப்புகள் வேண்டும் என்ற கேள்வியை எடுத்துக்கொண்டார். 1909இல் வெளியான கட்டுரையில், தற்செயலாக வரும் அழைப்புகள் புவசோன் பரம்பலை (ஒன்றோடொன்று தொடர்பில்லாத நிகழ்வுகளின் எண்ணிக்கைக்குப் பொருந்தும் நிகழ்தகவுப் பரம்பல்) பின்பற்றுகின்றன என்று காட்டினார். 1917இல் காத்திருப்புக்கும் இணைப்பு கிடைக்காமல் போவதற்குமான சூத்திரங்களைத் தந்தார். தொலைத்தொடர்பில் பளுவை அளக்கும் அலகுக்கு இன்றும் அவர் பெயரே வழங்குகிறது. தொலைபேசி அழைப்புக்குப் பொருந்திய அதே கணக்கு மருந்துக் கவுண்டருக்கும் வங்கிக்கும் பொருந்துகிறது, ஏனெனில் இரண்டிலும் நடப்பது ஒன்றுதான்: சீரற்று வரும் தேவை, அளவான வசதியின் முன் வந்து நிற்கிறது.

முதற்படி: வரிசையைத் தெரிவு செய்தலும் அனுமதி பெறுதலும்

முதல் முயற்சிக்கு மடுவத்தை எடுக்க வேண்டாம். அதன் கணக்கு எளிது என்றாலும் அது வேறு வகையைச் சேர்ந்தது; அதற்குப் பின்னர் வருகிறேன். ஒரே ஒரு கவுண்டர், ஒரே ஒரு வரிசை, காலை முழுவதும் ஆட்கள் வந்துகொண்டே இருக்கும் இடம் என்று ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். நகரத்து மருந்துக் கடை, தபால் நிலையம், சான்றிதழ்ப் பிரதி வழங்கும் கவுண்டர் ஆகியவை ஏற்றவை. ஹட்டனிலோ தலவாக்கலையிலோ நானுஓயாவிலோ இத்தகைய இடம் ஒன்று நடந்து போகும் தூரத்தில் கிடைக்கும்.

பொறுப்பாளரிடம் கேட்டுவிட்டே நில்லுங்கள், யாருடைய பெயரையும் எழுதாதீர்கள். எதற்காக எழுதுகிறீர்கள் என்று வரிசையில் நிற்பவர்களுக்கும் சொல்லுங்கள். தோட்டத்தில் இது இன்னும் முக்கியம். கையில் கடிகாரத்தோடு கொழுந்து எடுப்பவர்களைப் பார்த்து எழுதும் ஒருவரைத் துரையின், அதாவது தோட்ட முகாமையாளரின், ஆள் என்று நினைப்பதற்கு மக்களிடம் நியாயமான காரணங்கள் இருக்கின்றன. அந்த எண்ணம் இருக்கும்வரை நீங்கள் அளப்பது வழக்கமான வேலையாக இருக்காது.

இரண்டாம் படி: வருகையை எண்ணுதல்

ஒவ்வொருவரும் வரிசையின் கடைசியில் வந்து சேரும் நேரத்தைக் குறியுங்கள். அது கடினமாக இருந்தால், 10 நிமிடத்துக்கு ஒரு கட்டமாகக் கோடிட்டு, ஒவ்வொரு கட்டத்திலும் எத்தனை பேர் வந்தார்கள் என்று மட்டும் எண்ணினாலும் போதும். விளக்கத்துக்காக நானே தெரிந்த எண்களைக் கொண்டு தொடர்கிறேன்: காலை 9 மணியிலிருந்து 12 மணிவரை 54 பேர் வந்தார்கள். அப்படியானால் வருகை வீதம் மணித்தியாலத்துக்கு 18 பேர்; 10 நிமிடக் கட்டம் ஒன்றுக்குச் சராசரி 3 பேர்.

இந்த இடத்தில் சராசரியோடு நின்றுவிடாதீர்கள். 18 கட்டங்களின் எண்ணிக்கைகளுக்கு மாறல்திறனையும் (ஒவ்வோர் எண்ணிக்கையும் சராசரியிலிருந்து விலகும் அளவின் வர்க்கங்களின் சராசரி) கணியுங்கள். ஒருவரோடொருவர் தொடர்பில்லாமல் தத்தம் விருப்பப்படி வருபவர்களின் எண்ணிக்கை புவசோன் பரம்பலைப் பின்பற்றும் என்பதால், அங்கே மாறல்திறனும் சராசரியும் ஏறக்குறைய சமமாக இருக்கும். உங்களுக்கு மாறல்திறன் 3க்கு அருகில் வந்தால், வருகை உண்மையாகவே தற்செயலானது. 8 அல்லது 9 என்று வந்தால், ஆட்கள் கூட்டமாக வருகிறார்கள் என்று பொருள். மலைநாட்டு நகரங்களில் இதற்கான காரணத்தைத் தேடி அலைய வேண்டியதில்லை: பொகவந்தலாவையிலிருந்தோ மஸ்கெலியாவிலிருந்தோ ஒரு பஸ் வந்து நின்றதும் பன்னிரண்டு பேர் ஒன்றாக இறங்கி அதே கவுண்டருக்கு நடந்து வருகிறார்கள். பஸ் வரும் நேரங்களையும் கொப்பியின் ஓரத்தில் குறித்து வையுங்கள்.  இங்கே அது கணக்கையே மாற்றிவிடும்.

மூன்றாம் படி: சேவை நேரத்தை அளத்தல்

ஒருவர் கவுண்டரின் முன் வந்து நிற்கும் கணத்திலிருந்து, அடுத்தவர் வந்து நிற்கக்கூடிய கணம் வரைக்கும் உள்ள நேரமே சேவை நேரம். புதிதாக அளப்பவர்கள் பேச்சு முடிந்ததும் கடிகாரத்தை நிறுத்திவிடுகிறார்கள். தாள்களை மடித்துப் பையில் வைப்பதும், மீதிச் சில்லறையை எண்ணுவதும், அடுத்தவர் முன்னே வருவதும் சேவை நேரத்தில் அடங்கும், ஏனெனில் அந்த நேரத்தில் வேறு எவரையும் கவனிக்க முடியாது. குறைந்தது 30 பேருக்காவது அளந்து, சராசரியையும் நியம விலகலையும் (மாறல்திறனின் வர்க்கமூலம்) கணியுங்கள். நியம விலகலைச் சராசரியால் வகுத்து வரும் எண்ணை மாறல் குணகம் என்று குறித்துக்கொள்ளுங்கள்.

நம் எடுத்துக்காட்டில் சராசரி சேவை நேரம் 3 நிமிடம் என்று கொள்வோம். அதாவது, ஓய்வின்றி வேலை செய்தால் உத்தியோகத்தர் மணித்தியாலத்துக்கு 20 பேரைக் கவனிப்பார்.

நான்காம் படி: பளுவைக் கணித்தல்

வருகை வீதத்தைச் சேவை வீதத்தால் வகுத்தால் பளு கிடைக்கும். 18ஐ 20ஆல் வகுக்க 0.9. உத்தியோகத்தர் தம் நேரத்தில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு வேலையில் இருக்கிறார். பத்துப் பங்கு சும்மா இருக்கிறார். மேற்பார்வை செய்பவர் இதைப் பார்த்தால், இங்கே இன்னும் ஆட்களைக் கவனிக்க இடம் இருக்கிறது என்று சொல்வார். அவர் சொல்வது எந்த அளவுக்குத் தவறு என்பது அடுத்த படியில் தெரியும்.

பளு 1ஐத் தாண்டினால் மேற்கொண்டு கணக்கு வேண்டியதில்லை. வரிசை நீண்டுகொண்டே போகும். 2022இல் எரிபொருளுக்கும் எரிவாயுவுக்கும் மண்ணெண்ணெய்க்கும் நாம் நின்ற வரிசைகள் அப்படிப்பட்டவை. வந்த எரிபொருள் தேவையை விடக் குறைவாக இருந்தபோது, எத்தனை ஒழுங்காக நின்றாலும் வரிசை குறைய வழியே இருக்கவில்லை. அந்த வரிசைகளில் நின்றே உயிரிழந்தவர்களும் இருந்தார்கள். அந்த ஆண்டு யூலையில் கியூஆர் குறியீட்டுடன் தேசிய எரிபொருள் அனுமதி வந்தபோதும், வாகன இலக்கத் தகட்டின் கடைசி இலக்கத்தை வைத்து நாட்கள் பிரிக்கப்பட்டபோதும் மாற்றப்பட்டது வருகைப் பக்கம்: ஒருவர் எவ்வளவு பெறலாம், எந்த நாளில் வரலாம் என்பவை கட்டுக்குள் கொண்டுவரப்பட்டன.

ஐந்தாம் படி: காத்திருப்பைக் கணித்தல்

ஒரு கவுண்டருக்கான சூத்திரம் இது. 1930களில் பொலாசெக், கின்சின் என்ற இருவரின் ஆய்வுகளிலிருந்து வந்தது. தற்செயலாக வருபவர்களுக்குப் பொருந்தும்.

வரிசையில் நிற்கும் சராசரி நேரம் = சராசரி சேவை நேரம் × [பளு ÷ (1 − பளு)] × [(1 + மாறல் குணகத்தின் வர்க்கம்) ÷ 2]

மூன்று காரணிகளையும் தனித்தனியாகப் பாருங்கள். முதலாவது, ஒருவருக்கு ஆகும் நேரம். இரண்டாவதுதான் வியப்புக்குரியது: பளு 0.5 ஆக இருந்தால் அதன் பெறுமானம் 1, 0.8 என்றால் 4, 0.9 என்றால் 9, 0.95 என்றால் 19. பளு சீராக ஏறும்போது காத்திருப்பு சீராக ஏறுவதில்லை. முதலில் மெல்ல நகர்ந்து, கடைசியில் மலைச்சரிவு போல் நிமிர்கிறது. மூன்றாவது காரணி சேவை நேரத்தின் ஒழுங்கின்மைக்கு உரியது.

நம் கவுண்டரில் மாறல் குணகம் 1 என்றால், காத்திருப்பு 3 × 9 × 1, அதாவது 27 நிமிடம். சேவையையும் சேர்த்தால் ஒருவர் 30 நிமிடம் அங்கே இருக்கிறார். மணித்தியாலத்துக்கு 18 பேருக்குப் பதிலாக 19 பேர் வந்தால் என்ன ஆகும்? பளு 0.95 ஆகிறது, காத்திருப்பு 57 நிமிடமாகிறது. ஒரே ஒருவர் கூடியதற்கு எல்லோருடைய காத்திருப்பும் இரட்டிப்புக்கு மேல் ஆகிவிட்டது. தொண்ணூறு பங்கு வேலையில் இருக்கும் கவுண்டரில் இன்னும் இடம் இருக்கிறது என்று சொல்வதன் விலை இதுதான்.

மறுபக்கமும் அதே அளவுக்கு உண்மை, எனக்கு நெருக்கமானதும் அதுவே. பல ஆண்டுகளுக்கு முன் ஓர் அரச அலுவலகத்துக்குப் பிறப்புச் சான்றிதழ்ப் பிரதி எடுக்க அம்மாவோடு போயிருந்தேன். படிவம் சிங்களத்தில் மட்டுமே இருந்தது. எங்களுக்கு முன்னால் நின்ற ஒவ்வொருவரும் கவுண்டரை அடைந்த பிறகே, எந்தக் கட்டத்தில் என்ன எழுத வேண்டும் என்று கேட்டார்கள். உத்தியோகத்தர் தமக்குத் தெரிந்த தமிழில் சொன்னார். தோட்டத்தின் பெயரையும் டிவிசனின் பெயரையும் மூன்று முறை திருப்பிக் கேட்டு எழுதினார். அம்மாவின் முறை வந்தபோது மதியச் சாப்பாட்டு நேரமாகிவிட்டது. அம்மாவுக்கு அன்றைய பேர், அதாவது அந்த நாளின் வேலைப் பதிவும் கூலியும், போனது. 1987இல் 13ஆம் திருத்தத்தோடு தமிழும் ஆட்சிமொழி என்று அரசியலமைப்பில் எழுதப்பட்டது. அந்தக் கவுண்டரில் அது வந்து சேராததன் பாரத்தை வரிசை சுமந்தது.

இந்தச் சூத்திரத்தைக் கற்ற பின்னர்தான் அந்தப் பாரத்தை எண்ணாகப் பார்க்க முடிந்தது. தமிழ்ப் படிவமும், வாசலில் ஒரு மேசையில் அதை நிரப்பிக் கொடுக்க ஓர் ஆளும் இருந்து, ஒருவருக்கு வெறும் அரை நிமிடம் மிச்சமாகிறது என்று கொள்ளுங்கள். 3 நிமிடம் 2.5 நிமிடமாகிறது, பளு 0.75, இரண்டாம் காரணி 9இலிருந்து 3க்கு இறங்குகிறது, காத்திருப்பு 27 நிமிடத்திலிருந்து 7.5 நிமிடமாகிறது. அரை நிமிடம் குறைத்ததற்குக் கிடைத்த பலன் ஏறக்குறைய 20 நிமிடம். அதோடு, படிவம் தெரிந்தவருக்கு ஒரு நிமிடமும் தெரியாதவருக்கு எட்டு நிமிடமும் ஆகும் ஏற்றத்தாழ்வும் குறையும். மாறல் குணகத்தின் வர்க்கம் 1இலிருந்து 0.5க்கு இறங்கினால், காத்திருப்பு 5 நிமிடம் 40 விநாடிக்கு அருகில் வந்துவிடும்.

ஆறாம் படி: கணக்கைச் சரிபார்த்தல்

கணக்கிட்ட விடையை அப்படியே நம்பக் கூடாது. 10 நிமிடத்துக்கு ஒருமுறை, கவுண்டரில் நிற்பவரையும் சேர்த்துத் தலைகளை எண்ணுங்கள். அந்த எண்ணிக்கைகளின் சராசரியை வருகை வீதத்தால் வகுத்தால், ஒருவர் அங்கே செலவிடும் சராசரி நேரம் கிடைக்கும். சராசரியாக 9 பேர் நின்றிருந்தால், 9 ÷ 18 = அரை மணித்தியாலம். 1961இல் ஜோன் லிட்டில் என்ற அமெரிக்கர் இதற்குப் பொதுவான நிறுவலைத் தந்ததால் இது லிட்டிலின் விதி எனப்படுகிறது. வருகை தற்செயலா, கூட்டமா, யார் முதலில் கவனிக்கப்படுகிறார் என்பவை எதையும் இந்த விதி கேட்பதில்லை. இந்தத் துறையில் ஒன்றை மட்டுமே நினைவில் வைக்கலாம் என்றால் இதையே வைத்துக்கொள்ளச் சொல்வேன்.

தலையெண்ணிக்கையும் சூத்திரமும் வெகுவாக வேறுபட்டால், பெரும்பாலும் காரணம் இரண்டில் ஒன்று. பஸ்ஸில் கூட்டமாக வருபவர்களால் உண்மையான காத்திருப்பு சூத்திரத்தை விடக் கூடும். அல்லது, சூத்திரம் நெடுநேரம் ஓடி நிலைபெற்ற வரிசைக்கு உரியது என்பதால், வெறுமையாகத் தொடங்கி மூன்று மணித்தியாலமே இயங்கும் கவுண்டரில், பளு 1ஐ நெருங்கும்போது, உண்மை கணிசமாகக் குறையலாம்.

இரண்டாவது கவுண்டர் திறந்தால்

இங்கே ஏர்லாங்கின் சூத்திரம் வேண்டும். அது சற்று நீளமானதால் விடையை மட்டும் தருகிறேன். அதே 18 பேர், அதே 3 நிமிடச் சேவை, இரண்டு கவுண்டர்கள், முன்னால் ஒரே வரிசை என்றால் காத்திருப்பு ஏறக்குறைய 46 விநாடி. 27 நிமிடத்திலிருந்து இந்த இறக்கம். இரண்டு கவுண்டருக்கும் தனித்தனி வரிசை வைத்து ஆட்கள் பாதிப் பாதியாகப் பிரிந்து நின்றால் 2 நிமிடம் 27 விநாடி. ஆளும் கவுண்டரும் ஒன்றாக இருந்தும் இந்த வேறுபாடு வருவதற்குக் காரணம், தனி வரிசையில் ஒரு கவுண்டர் சும்மா இருக்கும்போது மற்றதன் முன் ஒருவர் நின்றுகொண்டிருக்க முடியும் என்பதே. ஒரே வரிசையாக்க ஒரு கயிறு போதும்.

இனி மடுவத்துக்கு வருவோம்

மடுவத்தில் வருகை தற்செயலானதல்ல. வேலைநேரம் அதை ஒரே கணத்தில் குவிக்கிறது. ஆகவே மேலுள்ள சூத்திரத்தை அங்கே பயன்படுத்தக் கூடாது. அதற்குப் பதிலாக வரைபுத்தாளில் இரண்டு கோடுகள் வரையுங்கள்: கிடையச்சில் நேரம், நிலைக்குத்தச்சில் ஆட்களின் எண்ணிக்கை. அதுவரை வந்து சேர்ந்த மொத்த ஆட்கள் மேற்கோடு; அதுவரை நிறுத்து முடித்த மொத்த ஆட்கள் கீழ்க்கோடு. எந்த நேரத்திலும் இரண்டுக்கும் இடையிலுள்ள உயரம் மடுவத்தில் நிற்பவர்களின் எண்ணிக்கை. இடையிலுள்ள முழுப் பரப்பு எல்லோரும் சேர்ந்து செலவிட்ட நேரம்.

60 பேரில் 30 பேர் முதலிலும், மீதி 30 பேர் 20 நிமிடம் கழித்தும் வந்தால், அந்தப் பரப்பு ஏறக்குறையப் பாதியாகச் சுருங்குவதைப் படமே காட்டும். சராசரிக் காத்திருப்பு 19 நிமிடம் 40 விநாடியிலிருந்து 9 நிமிடம் 40 விநாடியாகிறது. இரண்டாவது தராசு வாங்கி, அதைப் பார்க்க இன்னோர் ஆளையும் போட்டால் கிடைப்பதும் அதே சராசரிதான். ஆனால் ஒரு வேறுபாட்டை மறக்கக் கூடாது: இரண்டாவது தராசு இருந்தால் எல்லோரும் 20 நிமிடத்தில் வீடு திரும்புகிறார்கள், நேரம் பிரித்தால் கடைசிப் பெண் மடுவத்தை விட்டுப் போகும் நேரம் பழையபடி 40ஆம் நிமிடமே. பிந்தி வரும் 30 பேர் அந்த 20 நிமிடத்தை மலையிலேயே கொழுந்தெடுத்துக் கழித்தால், மிச்சமான நேரம் அவர்களுக்குச் சேரவில்லை. தோட்டத்துக் குழந்தைக் காப்பகமான பிள்ளைக் காம்பராவில் குழந்தையை விட்டிருக்கும் தாய்மார் முதல் 30 பேரில் இருக்க வேண்டும் என்பதும், இரண்டு குழுக்களும் நாள்விட்டு நாள் இடம்மாற வேண்டும் என்பதும் என் கருத்து. அதைத் தீர்மானிக்கும் உரிமை நிற்பவர்களுக்கே உண்டு.

நிறுவை நேரத்தை அளக்கும்போது, கழிக்கும் கிலோவைப் பற்றிய வாக்குவாதத்துக்கு ஆகும் விநாடிகளைத் தனியாகக் குறியுங்கள். எவ்வளவு கழிப்பது என்பது முன்கூட்டியே எழுதித் தொங்கவிடப்பட்ட இடத்தில் அந்த விநாடிகள் எவ்வளவு குறைகின்றன என்று ஒப்பிடலாம். 40 விநாடியில் 5 விநாடி குறைந்தாலே, கடைசியில் நிற்பவருக்கு 59 × 5, அதாவது ஏறக்குறைய 5 நிமிடம் மிச்சம்.

பஸ்ஸுக்காகக் காத்திருத்தலும் இதே குடும்பத்தைச் சேர்ந்த கணக்குத்தான். சராசரியாக 30 நிமிடத்துக்கு ஒரு பஸ் என்றால் சராசரியாக 15 நிமிடம் நிற்போம் என்று தோன்றும். பஸ்கள் சீராக வந்தால் அது சரி. 10 நிமிட இடைவெளியும் 50 நிமிட இடைவெளியும் மாறி மாறி வந்தால், நெடிய இடைவெளிக்குள் வந்து மாட்டிக்கொள்பவர்களே அதிகம் என்பதால், சராசரி 21 நிமிடம் 40 விநாடி ஆகிறது.

கடைசிப் படி: மாற்றிய பின் மீண்டும் அளத்தல்

கவுண்டரிலோ மடுவத்திலோ யாராவது ஒரு மாற்றத்துக்கு இணங்கினால், மாற்றத்துக்கு முன் அளந்த அதே கிழமை நாளில், அதே மணித்தியாலங்களில், முடிந்தால் அதே வானிலையில் மீண்டும் அளந்து பாருங்கள். சம்பளத்துக்கு அடுத்த நாளை மாத நடுவிலுள்ள ஒரு நாளோடும், நல்ல கொழுந்துக் காலத்தை வறட்சியோடும் ஒப்பிட்டால், மாற்றத்தின் பலனையும் வருகையின் ஏற்ற இறக்கத்தையும் பிரித்தறிய முடியாது. மாறல் பெரிதாக இருக்கும் இடத்தில் ஒரு நாள் அளவு போதாது. நான்கைந்து நாட்கள் வேண்டும். ஒவ்வொரு நாளுக்கும் ஒரு பக்கம் ஒதுக்கி, மேலே திகதியையும் பஸ் நேரங்களையும் எழுதி, கீழே வருகை வீதம், சராசரி சேவை நேரம், மாறல் குணகம், தலையெண்ணிக்கையின் சராசரி ஆகிய நான்கையும் குறித்து வையுங்கள்.